காயல் வீட்டுக்குள் காற்று வந்த வழி

பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிஸ் நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தைப் புகழ்ந்து எழுதியதை நம் ஊர்ப் பெருமை பேசும் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஹுர்முஸ், கீஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளையும் பிற சரக்குகளையும் ஏற்றி வந்த கப்பல்கள் இங்கே தங்கிச் சென்றன என்கிறார் அவர். அந்தக் காயல் எது என்பதில் ஒரு பழைய வழக்கு உண்டு. தாமிரபரணியின் முகத்துவாரத்தருகே உள்ள பழையகாயலே அது என்று கால்டுவெல் 1881இல் வெளிவந்த தமது திருநெல்வேலி வரலாற்றில் எழுதினார். காயல்பட்டினத்தார் பலர் அதனை ஏற்பதில்லை. அவ்வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. இக்கட்டுரைக்கு வேண்டியது, அதே மார்க்கோ போலோ ஹுர்முஸைப் பற்றிச் சொல்லும் வேறொரு செய்தி.

ஹுர்முஸின் வெப்பம் தாங்க முடியாதது; ஆகவே அங்குள்ள வீடுகளில் காற்று வரும் திசையை நோக்கிக் காற்றுவாங்கிகளை அமைத்து, மேலே வீசும் காற்றை வீட்டுக்குள் இறக்கிக் கொள்கிறார்கள் என்பது அச்செய்தி. பாரசீகத்தில் இவ்வமைப்புக்கு 'பாத்கீர்' என்று பெயர். காற்றைப் பிடிப்பது என்று பொருள். ஈரானின் யஸ்து நகரத்துக் கூரைகளில் இன்றும் இவை கோபுரங்கள்போல் நிற்கின்றன. துபையில் பஸ்தகிய்யா என்னும் பழைய பகுதியைப் பார்த்து வந்த நம்மவர் பலர் அவற்றின் முன் நின்று படம் எடுத்திருப்பர். சிந்து மாகாணத்து ஹைதராபாத்திலும் ஒரு காலத்தில் கூரைதோறும் இருந்தன.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஹுர்முஸுடன் பல நூற்றாண்டுகள் வணிகம் செய்த கடற்கரை இது. அங்கிருந்து குதிரை வந்தது, பேரீச்சம்பழம் வந்தது. ஆனால் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் எந்தக் கூரையிலும் காற்றுக்கோபுரம் எழவில்லையே, ஏன்?

கருத்து தெரியாமல் இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்புத் துறைகளையும் நமது துறைகளையும் ஒப்பிட்டால் ஒற்றுமைகளே மிகுதியாகத் தெரியும். பஹ்ரைனின் முஹர்ரக் நகரத்து முத்து வணிகர் வீடுகளை யுனெஸ்கோ 2012இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. அவையும் கடலிலிருந்து எடுத்த பவளக்கல்லால் கட்டப்பட்டவை. அவற்றின் நடுவிலும் முற்றம் உண்டு. அங்கும் அந்நிய ஆண்கள் அமரும் பகுதி வேறு, குடும்பத்தினர் புழங்கும் பகுதி வேறு. அங்கே காற்றுக்கோபுரம் எழுந்தது, இங்கே எழவில்லை. என் கணிப்பு இது: ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாய்ந்தடிக்கும் ஊரில் கூரைமேல் வாய் திறந்த கோபுரத்தைக் கட்டுவது, மழையை வீட்டுக்குள் அழைப்பதாகும். அதைவிட முக்கியமானது, இங்கே காற்றை வானத்திலிருந்து இறக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கடல் அதனை நாள்தோறும் வாசலுக்கே அனுப்பியது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வீட்டிலுள்ள பெண்கள்மீது அந்நியர் பார்வை படாமல், காற்று மட்டும் உள்ளே வர வேண்டும். காயல்பட்டினத்துப் பழைய வீடு இந்த ஒரு கணக்குக்குக் கண்ட விடையே என்று சொன்னால் மிகையாகாது.

தூத்துக்குடிக் கரையின் கோடையை முதலில் சற்றுப் பார்க்க வேண்டும். காலையில் சூரியன் ஏற ஏற நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி எழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரையேறுகிறது. முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகலில் வலுத்து, அந்தியில் அடங்கிவிடும் இதுவே கடற்காற்று. இரவு முதிர்ந்தபின் நிலம் குளிர்ந்து, எதிர்த்திசையில் கரைக்காற்று பிறக்கும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம்தான் நம் ஊரில் கொடியது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஓர் இலையும் அசையாத புழுக்கம். அன்றியும், வைகாசி முதல் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் மேல்காற்று, செம்மணல் தேரிகளின் மேல் தவழ்ந்து அனலாக வந்து சேரும். அது வலுத்த நாள்களில் கடற்காற்று தாமதித்து வரும். சில நாள் வராமலே போகும்.

இந்தக் காற்றுகளுக்கு ஏற்பத்தான் வீடு அமைந்தது. காயல்பட்டினத்துப் பழைய வீடு அகலத்தில் குறுகியது, நீளத்தில் பெரியது. தெருவைப் பார்த்த முன்வாசல் ஆண்களுக்குரியது. அங்கே திண்ணையும் விருந்தினர் அமரும் கூடமும் இருக்கும். வீட்டின் மறுகோடியில் இன்னொரு வாசல் உண்டு. அது பெண்களின் வாசல். அவ்வாசல் திறப்பது தெருவுக்கன்று, முடுக்குக்கு. வெளியூரார் கேட்டு வியக்கும் இந்த முடுக்கு, வீடுகளின் பின்புறங்களுக்கு நடுவே ஓடும் ஒடுக்கமான சந்து. பெண்கள் உறவினர் வீட்டுக்கும், மவுலூது மஜ்லிஸுக்கும், மதரஸாவுக்கும், மரண வீட்டுக்கும் பெருந்தெருவில் கால் வைக்காமலே சென்று வரும் பாதை. ஆண்கள் பொதுவாக அவ்வழியே நடப்பதில்லை.

முடுக்கைப் பர்தாவுக்கான ஏற்பாடாக மட்டுமே எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அது கோடைக்கான ஏற்பாடாகவும் இருந்தது என்பதைக் கவனித்தவர் குறைவு. இருபுறமும் உயர்ந்த சுவர்கள் நிற்கும் ஒடுக்கமான சந்தில் உச்சிவேளை தவிர வெயில் தரையைத் தொடுவதில்லை. ஆகவே அங்குள்ள காற்று தெருக்காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். வீட்டின் நடுவிலுள்ள முற்றத்திலோ வெயில் நேரே விழுகிறது. அங்கே காற்று சூடாகி மேலெழுகிறது. எழுந்த காற்றின் இடத்தை நிரப்ப, முடுக்கிலுள்ள நிழற்காற்று பின்வாசல் வழியே வீட்டுக்குள் இழுபட்டு வரும். வெளியே காற்றே இல்லாத வேளையிலும் இந்த இழுப்பு ஓரளவு நடக்கும். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டாலோ, முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் இடையே நேர்கோட்டில் திறந்திருக்கும் கதவுகள் வழியே அது வீட்டை ஊடுருவிச் செல்லும். நீண்ட, குறுகிய வீடு உண்மையில் ஒரு புல்லாங்குழலே.

எந்தச் சன்னலும் அண்டை வீட்டைப் பார்ப்பதில்லை என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி ஒரு கொத்தனார். கட்டடங்களைப் பற்றிய மார்க்கச் சட்டங்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். அடுத்த வீட்டின் உட்புறம் தெரியும் சன்னல் குறித்த வழக்குகள் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. அவர் மாலிக்கி மத்ஹபைச் சார்ந்தவர், நம் கடற்கரையோ ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவது. ஆயினும் வழக்கின் தன்மை எல்லா ஊர்களுக்கும் பொதுவானதே. காயலில் அந்த வழக்குக்கே இடம் வைக்காமல் கட்டினார்கள். பக்கச் சுவர்களில் பார்வை மட்டத்தில் திறப்புகள் இல்லை. திறப்பு வேண்டுமெனில் கூரையை ஒட்டிய உயரத்தில் சிறு காற்றுப்புழைகள். சூடான காற்று மேலேறுவதால், வெளியேற அதுவே சரியான இடமும் ஆயிற்று. அறைகள் தமக்கு வேண்டிய வெளிச்சத்தையும் காற்றையும் பக்கத்து மனையிடம் கேட்கவில்லை. தம் சொந்த முற்றத்திடம் பெற்றுக் கொண்டன. முற்றத்திலே பெண்கள் தலைமுக்காடு குறித்த கவலையின்றி வேலை செய்தார்கள், வற்றல் காயவைத்தார்கள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினார்கள்.

இவ்வீடு யாருக்காகக் கட்டப்பட்டது என்பதும் முக்கியம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீடு மகளுக்குரியது. நிக்காஹ் முடிந்தபின் மணமகன்தான் மனைவியின் வீட்டுக்கு வருகிறார். (இவ்வழக்கத்தை வரதட்சிணையோடு சேர்த்துக் கண்டிப்போரும் உண்டு, அது தனி விவாதம்.) ஆண்கள் கொழும்பிலும் பர்மாவிலும் மலேயாவிலும் மாணிக்கக் கல் வணிகமும் பிற வணிகமுமாக ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்த காலத்தில், கோடையின் பகல் முழுவதையும் வீட்டுக்குள் கழித்தவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. வாப்பா தம் மகளுக்குக் கட்டிய வீடு என்பதால், அதன் தரமான பகுதி தெருவைப் பார்த்த முகப்பில் இல்லை. பெண்கள் புழங்கிய நடுப்பகுதியில் இருந்தது.

கூரைக்கு வருவோம். ஆங்கிலேயர் 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயரிட்ட மட்டப்பா தமிழகம் முழுவதும் பரவியிருந்தது. எனினும் இக்கரையில் அதற்கு வேண்டிய எல்லாமே கையெட்டும் தூரத்தில் கிடைத்தன. வைரம் பாய்ந்த பனையை அறுத்து உத்திரமாகவும் கட்டையாகவும் இட்டார்கள்; வசதி மிக்கவர்கள் பர்மாத் தேக்கை இட்டார்கள். அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து கொண்டு ஒட்டினார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்கினார்கள். கருப்பட்டிக்கு உடன்குடி பக்கத்திலேயே இருந்தது. கடைசியாகத் தட்டோடு பதித்துப் பூசினார்கள். அரையடிக்குக் குறையாத கனமுடைய இக்கூரை வெயிலின் சூட்டைத் தன் வழியே மிக மெதுவாகவே கீழே விடும். இன்றைய கம்பி கட்டிய கான்கிரீட் தளம் நான்கு, ஐந்து அங்குலமே. கான்கிரீட் வெப்பத்தைச் செங்கல்லைவிட ஏறக்குறைய இருமடங்கு விரைவாகக் கடத்தும். நண்பகல் வெயில் மாலைக்குள் கூரையைத் துளைத்து வந்து, இரவெல்லாம் கட்டில்மேல் இறங்குவதன் காரணம் இதுவே.

சுவர்களுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு பூசி, ஆண்டுதோறும் பெருநாளுக்கு முன்பு வெள்ளையடித்தார்கள். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உறிஞ்சி வெளிவிடவும் செய்யும். உப்புக்காற்று வீசும் கரையில் சிமெண்டுப் பூச்சு பொரிந்து உதிர்வதைப் பார்த்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

கனத்த சுவருக்கும் கூரைக்கும் ஒரு குறையும் உண்டு. பகலில் வாங்கிய சூட்டை அவை இரவில் விட்டேயாக வேண்டும். மதுரை, விருதுநகர் போன்ற வறண்ட ஊர்களில் இரவு குளிரும். வீடும் உடன் குளிரும். ஈரக்காற்று நிறைந்த கடற்கரையில் இரவு அவ்வளவாகக் குளிர்வதில்லை. மண்பானைத் தண்ணீரும் அவ்வூர்களில் குளிர்வதுபோல் இங்கே குளிராது. காற்றில் ஏற்கனவே ஈரம் மிகுந்திருப்பதால் பானையின் கசிவு விரைவாக ஆவியாக வழியில்லை. வெட்டிவேர்த் தட்டிக்கும் அதே கதிதான். இக்குறையை நம் முன்னோர் சுவரால் தீர்க்கவில்லை, நடமாட்டத்தால் தீர்த்தார்கள். உச்சியில் நடுக்கூடத்தின் தரையில். அஸருக்குப்பின் தண்ணீர் தெளித்த முற்றத்தின் தாழ்வாரத்தில். புழுக்கம் கவியும் அந்தியில் ஆண்கள் திண்ணையிலும் கடற்கரையிலும், பெண்கள் மட்டப்பாவில். இரவும் அங்கேயே பாய் விரித்து. மட்டப்பாவைச் சுற்றி ஆள் மறையும் உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பியதன் பயன் அப்போதுதான் விளங்கும். வீட்டுக்குள் ஒரே அறையைக் குளிர வைத்து அதிலேயே இருபது மணி நேரம் இருப்பது என்னும் எண்ணமே அவர்களிடம் இல்லை.

நாளின் அமைப்பும் இதற்கு இசைந்திருந்தது. வெப்பம் கடுமையாகும்போது லுஹர் தொழுகையைச் சற்று வெப்பம் தணியும்வரை தாழ்த்தித் தொழுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. நண்பகல் சிறுதூக்கமாகிய கைலூலாவும் நாம் அறிந்ததே. வீடுகளை அமைதி பெறும் இடமாகவும், நிழலை அருட்கொடையாகவும் ஸூரத்துன் நஹ்லின் 80, 81ஆம் வசனங்கள் அடுத்தடுத்துச் சொல்வதை, இக்கடற்கரையில் சித்திரை மாதத்தில் ஓதுவோர் தனியே விரிவுரை தேட மாட்டார்கள்.

பழமையைப் புகழும்போது எல்லோரும் இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்ற மயக்கம் வந்துவிடும். அது உண்மையன்று. முத்துக்குளிப்பு நடந்ததே கடல் அமைதியாக இருக்கும் கோடை மாதங்களில்தான். பங்குனி, சித்திரை வெயிலில் மரைக்காயர்களும் பரதவர்களும் பிறரும் கரையில் கூடியபோது, பனையோலையும் தென்னங்கீற்றும் கொண்டு எழுப்பிய கொட்டகைகளே அவர்களுக்கு ஊராக இருந்தன. பருவம் முடிந்ததும் அவ்வூர் மறைந்துவிடும். தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. ஓலைக்குடிசை மட்டப்பா வீட்டைவிடக் குளிர்ச்சியானது என்பது வேறு. அது தீக்கும் புயலுக்கும் நிற்காது. சுண்ணாம்பு வீட்டின் குளிர்ச்சிக்கும் ஒரு விலை இருந்தது. அந்த விலையைக் கடல் கொடுத்தது. சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் பல தலைமுறைகளாக வெட்டி எடுக்கப்பட்டன. 1986இல் அங்குள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்குள் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. பாறை வெட்டியதே அதற்கு முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது. எனவே முன்னோர் கட்டியதுபோலவே மீண்டும் கட்டுவோம் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

வீடுகள் மாறியது ஒரே நாளில் நடந்ததன்று. முதலில் பாகப்பிரிவினை வந்தது. இரண்டு, மூன்று பெண்மக்கள் உள்ள குடும்பத்தில் ஒரே வீட்டைப் பங்கிட்டபோது, சுவர் பெரும்பாலும் முற்றத்தின் நடுவே எழுந்தது. பாதி முற்றம் முற்றமாக இயங்காது. அது வெறும் கிணறு. அடுத்து, மழைக்கும் திருட்டுக்கும் பயந்து அந்தப் பாதியையும் தகரத்தாலோ கான்கிரீட்டாலோ மூடி ஓர் அறையைக் கூட்டிக் கொண்டார்கள். மூடியதும் உள்ளறைகள் இருண்டன. வெளிச்சத்துக்காகப் பக்கச் சுவரில் சன்னல் வைத்தார்கள். சன்னலின் எதிரே அண்டை வீட்டாரின் சன்னல். இருதரப்பும் நிரந்தரமாகத் திரையிட்டுச் சாத்தினார்கள். மறைவு கிடைத்தது, காற்று போயிற்று. ஏ.சி. வந்து நின்ற இடம் அதுவே. அதனை ஆடம்பரம் என்று மேடையில் கண்டிப்பது எளிது. காற்றுக்கு வழியே இல்லாத அறையில் நோயாளியான உம்மாவையும் கைக்குழந்தையையும் வைத்திருப்பவரிடம் அதனைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் வெளிப்புற இயந்திரத்தை எங்கே மாட்டுகிறோம் என்று கவனித்தீர்களா? முன்வாசலின் அழகு கெடாதிருக்க, முடுக்கில் மாட்டுகிறோம். ஒன்றரை டன் ஏ.சி. முழுவீச்சில் ஓடும்போது 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை அறையிலிருந்து எடுத்து, தான் உண்ட மின்சாரத்தின் சூட்டையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. நாற்பது வீடுகளுக்குக் குளிர்காற்று தந்த சந்து, இன்று நாற்பது வீடுகளின் சூட்டை வாங்கும் சந்தாக மாறி வருகிறது. அங்கே நடப்பவர்கள் பெண்கள். ஏ.சி. வைக்க வசதியில்லாத வீட்டின் பின்வாசலும் அதே முடுக்கில்தான் திறக்கிறது. அண்டை வீட்டாருக்குக் காற்றுத் தடைபடும்படி அவருடைய அனுமதியின்றிக் கட்டடத்தை உயர்த்தலாகாது என்னும் கருத்தில் ஒரு ஹதீஸ் சொல்லப்படுவதுண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் முடிவு. அதனை ஆதாரமாக்கத் தேவையுமில்லை. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்னும் பொதுவிதி அண்டை வீட்டாரையும் உள்ளடக்கியதே.

அந்த மின்சாரம் வருமிடமும் தொலைவில் இல்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் இயங்கத் தொடங்கியது. முத்து எடுத்த கடலோரத்திலேயே நிலக்கரியை எரித்து, அதே கடலோரத்து வீட்டைக் குளிர வைக்கிறோம். கோடையோ தணிவதாக இல்லை. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இருக்கும் வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்போருக்குச் சில செய்திகள். கான்கிரீட் தளத்தின்மேல் ஆண்டுக்கொரு முறை, பங்குனி பிறக்குமுன் சுண்ணாம்பு அடிப்பது மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும். கடற்சுண்ணாம்பு வேண்டியதில்லை, கடையில் கிடைக்கும் சுண்ணாம்பே போதும். வெண்ணிற ஓடு பதிக்க வசதியிருந்தால் இன்னும் நீடிக்கும். முற்பகல் பத்து மணிக்குமேல் வெயில்பட்ட சன்னல்களைச் சாத்தி, கடற்காற்று எழுந்ததும் முன்னும் பின்னும் ஒருசேரத் திறக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் திறந்த வீட்டுக்குள் காற்று நுழையாது. மட்டப்பாவில் இரும்புத் தகரக் கொட்டகைக்குப் பதில் கீற்றுப் பந்தல். ஏ.சி. தவிர்க்க முடியாத வீட்டில் அதன் வெளிப்புற இயந்திரம் மட்டப்பாவுக்கு ஏறட்டும். குழாயின் நீளம் கூடும், செலவு சற்று ஏறும், முடுக்கு பிழைக்கும்.

புதிதாக வீடு கட்டுவோரிடம்தான் பேச்சு நீளுகிறது. மகளுக்கு வீடு கட்டும் வாப்பா பொறியாளரிடம் எத்தனை படுக்கையறை, எத்தனை குளியலறை என்றே கேட்கிறார். முற்றம் என்றதும், 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நினைவூட்டுகிறார். நியாயமான அச்சம்தான். முற்றம் சிறியதாகவே இருக்கலாம், ஆறடிக்கு ஆறடி போதும். தரை சுற்றுத் தாழ்வாரத்தைவிட ஒரு சாண் தாழ்ந்து, தண்ணீர் வெளியேற அகலமான தூம்போடு அமைய வேண்டும். மேலே திருட்டுக்குக் கம்பிவலையும், அதன்மேல் தள்ளித் திறக்கும் கூரைத்தகடும். ஐப்பசியில் தகட்டை இழுத்து மூடலாம். மாசியில் தள்ளித் திறந்தால் ஆடி கழியும்வரை அப்படியே விடலாம். பின்வாசல் கதவில் மேல்பாதி தனியாகத் திறக்கும்படி செய்தால், கீழ்பாதி சாத்திய நிலையிலேயே முடுக்கின் காற்று வரும். பழைய வீடுகளைக் கட்டிய குடும்பத்துக் கொத்தனார்களில் சிலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். வரைபடம் முடிவாகுமுன் அவர்களில் ஒருவரை மனையில் நிறுத்தி, காற்று எப்பக்கமிருந்து வருகிறது என்று கேட்டுக் கொள்வதற்குக் கட்டணம் ஏதும் இல்லை.